ஜூமா, பிரைமா? லென்ஸ் பெட்டி கட்டும் முன் செட்டில் கண்டவை

குவியம்:

ஜூம் என்றால் ஒரே லென்ஸில் பல ஃபோக்கல் லெங்த் (மி.மீ.யில் சொல்லும் எண்; சிறிதானால் அகலக் காட்சி, பெரிதானால் நெருக்கம்), பிரைம் என்றால் ஒன்றே ஒன்று. இதில் எந்த லென்ஸ் ஒசத்தி என்ற பட்டிமன்றம் வேண்டாம். கேமரா எது, லென்ஸ் எது, ஸ்டாப் (வெளிச்சம் விடும் அளவு; டி எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்) என்ன, எங்கே இடித்தது, ஏன் இடித்தது. இதை மட்டும் எழுதுவோம்.

முதல் கேஸ். காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடு, அலெக்சா மினி கேமரா, ஆஞ்ஜெனியூ ஆப்டிமோ 24-290 டி2.8 ஜூம் ஒன்றே ஒன்று. பிரைம் செட் வாடகையை மிச்சம் பிடிக்கிற கணக்கு. வளவில் (நடுமுற்றத்தில்) நடக்கும் கல்யாண சீனுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே பலித்தது. கேமரா மாடியில். 24-இல் வளவு முழுக்க, 80-இல் மணவறை, 250-இல் பெண்ணின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பது. கேமரா நகரவில்லை, லென்ஸ் மாறவில்லை, கூட்டமும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. பிரைமில் இதை எடுத்திருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து நிமிடம் போயிருக்கும். அதற்குள் பாதிப் பேர் டீக்கு எழுந்திருப்பார்கள்.

மறுநாள் அதே வீட்டில் தூணுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள பத்தியில் ஷாட். லென்ஸ் மட்டும் 44 செ.மீ. நீளம், 11 கிலோ. கேமரா, பேட்டரி, ஆபரேட்டரின் தலை என்று சேர்த்தால் முதுகு சுவரில் முட்டுகிறது. பூக்கட்டும் விரல்களுக்கு ஓர் இன்சர்ட் (நெருக்கமான தனி ஷாட்) வேண்டும். அந்த ஜூமின் குறைந்தபட்ச ஃபோக்கஸ் தூரம் 1.22 மீட்டர், அதுவும் சென்சாரிலிருந்து. விரல்கள் இருந்ததோ ஒரு மீட்டருக்குள். டையாப்டர் (கிட்டே ஃபோக்கஸ் பிடிக்க முன்னால் மாட்டும் கண்ணாடி) போடலாம் என்றால் லென்ஸின் முன்வட்டம் 162 மி.மீ., பெட்டியில் இருந்தது 138 மி.மீ. டையாப்டர். முன்வட்டத்தையே மூடாது. அந்த இன்சர்ட் அடுத்த ஷெட்யூலில்தான் 50 பிரைமில் எடுக்கப்பட்டது. பெட்டியில் ஒரே ஒரு 50 இருந்திருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

நாடாமார்க்:

ஃபோக்கஸ் பக்கத்திலிருந்து. ஜூமின் நெருக்க முனை டெலி, அகல முனை வைட். ஜூமில் அதிகம் வரும் புகார் "டெலியில் ஷார்ப்பா இருக்கு, வைடுக்கு வந்தா சாஃப்ட் ஆகுது." உடனே லென்ஸைத் திட்டுவார்கள். பத்தில் எட்டுத் தடவை குற்றவாளி பேக் ஃபோக்கஸ்தான், அதாவது லென்ஸுக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளிப் பிழை.

பி.எல். மவுண்டில் (சினி லென்ஸை மாட்டும் வளையம்) லென்ஸ் உட்காரும் முகத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி 52.00 மி.மீ. இது 0.05 மி.மீ. கூடிவிட்டது என்று வையுங்கள். ஒரு மயிரிழைக்கும் குறைவு. இன்ஃபினிட்டியில் வைத்த லென்ஸ் இப்போது உண்மையில் எவ்வளவு தூரத்தில் ஃபோக்கஸ் ஆகும்? ஃபோக்கல் லெங்த்தின் வர்க்கத்தை அந்தப் பிழையால் வகுத்தால் கிடைத்துவிடும். 290-இல் 84,100-ஐ 0.05-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1.7 கிலோமீட்டர். யாருக்கும் தெரியாது. 24-இல் 576-ஐ 0.05-ஆல் வகுத்தால் வெறும் 11.5 மீட்டர். பின்னணியில் இருக்கும் கோபுரம் மொத்தமும் மாவு.

டெலியில் கண்ணால் பார்த்து ஃபோக்கஸ் பிடித்து, அப்படியே வைடுக்கு இழுப்பதுதான் ஜூம் வைத்திருப்பவரின் பழக்கம். டெலியில் பிழை மறைந்துகொள்ளும், வைடில் வெளியே வரும். பிரைமில் இதே பிழை இருந்தாலும் ஒவ்வொரு லென்ஸுக்கும் கண்ணால் பிடித்துச் சமாளித்துவிடலாம். பேரலில் எழுதிய தூரம் மட்டும் பொய் சொல்லும், வைட் பிரைமில் இன்ஃபினிட்டி எட்டாமல் போகலாம். அதனால்தான் "பிரைம் நல்லா இருந்துச்சு, ஜூம் மோசம்" என்ற தீர்ப்பு வருகிறது. இரண்டும் உட்கார்ந்தது அதே கோணல் மவுண்டில்.

வாடகைக்கு எடுக்கும் நாளில் செய்ய வேண்டியது: கேமராவை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். சீமென்ஸ் ஸ்டார் சார்ட்டை (ஃபோக்கஸ் பார்க்கும் கதிர் வடிவ அட்டை) மூன்று மீட்டரில் ஒட்டி, ஐரிஸை முழுக்கத் திறந்து, டெலியில் பிடியுங்கள். ஃபோக்கஸைத் தொடாமல் வைடுக்கு வந்து பெரிய மானிட்டரில் பாருங்கள். சாஃப்ட் ஆனால் அதே கேமராவில் வேறொரு ஜூம், அதே ஜூமை வேறொரு கேமராவில். எதில் பிழை என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மவுண்டுக்கு அடியில் இருக்கும் ஷிம் என்ற மெல்லிய தகட்டை மாற்றுவது சர்வீஸ் ஆளின் வேலை. செட்டில் ஸ்குரூடிரைவர் எடுக்காதீர்கள்.

நைட்கால்ஷீட்:

பகலில் மேலே சொன்னதெல்லாம் சரி. ராத்திரி கதை வேற. டி2.8 ஜூமுக்கும் டி1.4 பிரைமுக்கும் நடுவுல ரெண்டு ஸ்டாப். அதாவது நாலு மடங்கு வெளிச்சம். ஒரு தெருவையே லைட் பண்ற சீன்ல அது லைட்டோட எண்ணிக்கை, ஜெனரேட்டரோட சைஸ், கேபிள் இழுக்கிற லைட்மேன் எத்தனை பேர்ங்கிறதையே மாத்தும். பிரைம் வாடகை ஜாஸ்தின்னு சொல்றவங்க இந்தச் செலவையும் சேர்த்துக் கூட்டணும்.

ஆனா டி1.3-ல ஷூட் பண்ணுவோம்னு மாஸ்டர் பிரைம் எடுத்துட்டு வர்றவங்க ஒண்ணை மறந்துடறாங்க. 85 எம்.எம்., ஆள் ரெண்டு மீட்டர்ல, சூப்பர் 35 சென்சார் (ஃபுல் ஃப்ரேமை விடச் சின்னது). ஃபோக்கஸ் ஆழம், அதாவது ஷார்ப்பா தெரியுற இடம், மூணரை சென்டிமீட்டர் சுமார். கண்ணு ஷார்ப்புன்னா மூக்கு நுனி போயிடும். நடந்துகிட்டே வசனம் பேசுற சீன்னா டேக் மேல டேக். டி2.8-ல அது ஏழெட்டு சென்டிமீட்டர் ஆகும், ஃபோக்கஸ் புல்லர் மூச்சு விடலாம். எத்தனையோ செட்ல டி1.3 லென்ஸை மாட்டிட்டு டி2.8-லதான் ஓட்டுறாங்க. அப்புறம் அந்தக் காசு எதுக்கு?

இன்னொண்ணு, கேமராவும் மாறிப்போச்சு. சோனி எஃப்எக்ஸ்6, எஃப்எக்ஸ்3-ல எஸ்-லாக்3-ங்கிற பதிவு முறையில பேஸ் ஐஎஸ்ஓ (சென்சாரோட அடிப்படை வெளிச்ச உணர்வு) 800, 12,800-ன்னு ரெண்டு இருக்கு. நாலு ஸ்டாப் வித்தியாசம். அந்த கேமராவுக்கு ராத்திரி டி2.9 ஜூம் தாராளம். வெளிச்சத்துக்காக மட்டும் பிரைம்ங்கிற வாதம் அங்க நிக்காது. ஹெட்லைட் ஃபிரேமுக்குள்ள வருதான்னு மட்டும் பாருங்க. ஜூமுக்குள்ள கண்ணாடி ஜாஸ்தி, ஒவ்வொரு பரப்பும் கொஞ்சம் திருப்பி அடிக்கும். கருப்பு சாம்பலாகிறதும், கோஸ்ட் (விளக்கோட போலி பிம்பம்) வரிசையா நிக்கிறதும் ஜூம்லதான் சீக்கிரம் தெரியும்.

புதுமுகம்_ஏசி:

அண்ணே, ஸ்டில் லென்ஸ்ல எஃப்2.8-ன்னு போட்டிருக்கு, சினி லென்ஸ்ல டி2.8. ரெண்டும் ஒண்ணுதானே?

நைட்கால்ஷீட்:

இல்ல தம்பி. எஃப் என்பது துவாரத்தோட கணக்கு, டி என்பது கண்ணாடியெல்லாம் தின்னது போக சென்சாருக்கு வர்ற வெளிச்சம். சிக்மா 18-35 ஸ்டில் லென்ஸ் எஃப்1.8, அதே கண்ணாடியை சினி உடம்புல போட்டா பேர் டி2. ரெண்டு கேமரா வச்சு ஒண்ணுல ஸ்டில் ஜூம், ஒண்ணுல சினி பிரைம் போட்டு ஒரே நம்பர் வச்சா கிரேடிங்ல (நிறம் சரிபண்ற கட்டத்துல) அடி வாங்குவீங்க.

தராசுத்தட்டு:

கிம்பல் (கேமராவை ஆடாமல் தாங்கும் மோட்டார் கருவி) ஆட்களுக்காக. டிஜேஐ ஆர்எஸ்3 ப்ரோ கிம்பல் தாங்குவது 4.5 கிலோ. எஃப்எக்ஸ்30 பேட்டரியோடு முக்கால் கிலோ கூட இல்லை. ஃபுஜினான் எம்கே 18-55 டி2.9 ஒரு கிலோவுக்குச் சற்றுக் கீழே. ஃபோக்கஸ் மோட்டார், டிரான்ஸ்மிட்டர், சின்ன மேட் பாக்ஸ் (லென்ஸ் முன்னால் தேவையற்ற வெளிச்சத்தை மறைக்கும் பெட்டி) எல்லாம் சேர்த்தாலும் இடம் மிச்சம். அந்த எம்கே-யில் முக்கியமான விஷயம் எடை இல்லை, ஜூம் செய்தாலும் பேரல் வெளியே நீளாது. ஸ்டில் 24-70 வகையறா நீளும். 24-இல் பேலன்ஸ் செய்து 70-க்குப் போனால் மூக்கு தொங்கும், டில்ட் மோட்டார் முனகும், சிறிது நேரத்தில் மோட்டார் அலாரம். ஸ்டில் ஜூம்தான் இருக்கிறது என்றால் அதிகம் பயன்படும் ஃபோக்கல் லெங்த்தில் பேலன்ஸ் செய்து, ஜூம் வளையத்தில் ஒரு சுற்று டேப் ஒட்டிவிடுங்கள்.

பெரும்பாலான ஸ்டில் ஜூம்கள் பார்ஃபோக்கலும் இல்லை. ஜூம் நகர்ந்தால் ஃபோக்கஸும் நகரும். அவற்றை நாலைந்து பிரைம்கள் ஒரே குழாயில் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். ஷாட்டுக்கு முன் ஃபிரேம் வையுங்கள், ஃபோக்கஸ் பிடியுங்கள், ஷாட் நடுவில் ஜூமைத் தொடாதீர்கள்.

பிரைம் செட் எடுத்தால் முன்வட்டமும் கியர் இருக்கும் இடமும் எல்லா லென்ஸிலும் ஒன்றா என்று கேளுங்கள். ஜைஸ் சிபி.3 செட்டில் முன்வட்டம் 95 மி.மீ. ஒரே அளவு. மேட் பாக்ஸ் அடாப்டர் மாற்ற வேண்டாம், மோட்டார் நகர வேண்டாம், மாற்றம் ஒரு நிமிடத்தில் முடியும். ஐந்து கம்பெனி லென்ஸைக் கலந்து "பிரைம் செட்" என்று கட்டிக் கொடுப்பார்கள். அதில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மோட்டாரை அவிழ்த்து, தள்ளி, திரும்பக் கேலிபிரேட் செய்து... அதற்கு ஜூமே தேவலை. நிறமும் ஒன்றோடொன்று ஒட்டாது, 35-இல் மஞ்சள், 50-இல் பச்சை என்று வரும்.

நாடாமார்க்:

தராசு சொன்னதோடு ராம்பிங்கையும் சேர்க்கணும். நீள ஜூம்களில் டெலிக்குப் போகப் போக ஸ்டாப் விழும். ஃபுஜினான் காப்ரியோ 85-300 டி2.9-இல் தொடங்கி 300-ஐ எட்டும்போது டி4 ஆகிவிடும். கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப். ஓடும் ஷாட்டில் ஜூம் இழுத்தால் முகம் இருண்டுகொண்டே போவது பளிச்சென்று தெரியும். முதலிலேயே டி4-இல் வைத்துவிட்டால் விழாது. ஃபிரேமை ஒரு கிரே கார்டால் நிரப்பி, வேவ்ஃபார்மில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தில்) கோட்டைப் பார்த்துக்கொண்டே ஜூம் செய்தால் எந்த இடத்தில் சரிகிறது என்று தெரியும். அந்த இடத்தில் வெள்ளை டேப்பில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அதோடு சுவரில் ஒரு கூட்டல் குறி போட்டு, மானிட்டரின் நடுக்குறியோடு டெலியில் பொருத்தி, வைடுக்கு வாருங்கள். குறி நகர்ந்தால் லென்ஸின் மையம் விலகியிருக்கிறது. வசன சீனில் யாருக்கும் தெரியாது. மெதுவாக நெருங்கும் ஜூமில் ஃபிரேம் பக்கவாட்டில் வழுக்கும், ஆபரேட்டர் பேன் செய்ததாகப் பழி விழும்.

குவியம்:

ஃபுல் ஃப்ரேம் பற்றியும் யாராவது சொல்லிவிடுங்கள். பெரிய சென்சார் உள்ள அலெக்சா மினி எல்எஃப் கேமரா கேட்டு, கூடவே 24-290-உம் கேட்கும் ஆட்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

தராசுத்தட்டு:

24-290 சூப்பர் 35 லென்ஸ். மினி எல்எஃப் சென்சார் 36.70 × 25.54 மி.மீ., மூலைவிட்டம் 44 மி.மீ.க்கு மேல். ஓப்பன் கேட்டில் (சென்சார் முழுவதையும் பயன்படுத்தினால்) நாலு மூலையும் கருப்பு. 1.4 மடங்கு எக்ஸ்பாண்டர் (படத்தைப் பெரிதாக்கும் இடைக்கண்ணாடி) போட்டால் மூடும், ஆனால் ஒரு ஸ்டாப் போய் டி4 ஆகும், 24 என்பது 34 ஆகும். அகலம் வேண்டும் என்றுதான் பெரிய சென்சார் எடுத்தீர்கள், அது இங்கே போய்விடுகிறது. ஃபுல் ஃப்ரேமுக்கென்றே வந்த ஃபுஜினான் பிரமிஸ்டா 28-100 டி2.9 பாருங்கள், 3.8 கிலோ. அதோடு 18, 21 மாதிரி ஒரு வைட் பிரைம், 50-இல் ஒரு வேகமான பிரைம். பெரும்பாலான கதைப்படத்துக்கு இந்த மூன்று போதும். ஐந்து பிரைம் வாங்கி 32-ஐயும் 50-ஐயும் மட்டும் மாட்டுவதுதான் வழக்கம், மற்ற மூன்றும் பெட்டியிலேயே ஊருக்குத் திரும்பும்.

நைட்கால்ஷீட்:

வி.எஃப்.எக்ஸ். ஷாட்டா இருந்தா பிரைமே போடுங்க. ஜூம்னா 37-லயும் 41-லயும் நிறுத்திட்டு கிளாப் ஷீட்ல "35"-ன்னு எழுதுவாங்க. டிராக்கிங் (கேமரா நகர்வைக் கம்ப்யூட்டர்ல கணக்கிடறது) பண்றவன் ரெண்டு நாள் மண்டையை உடைப்பான். ஜூம்தான் வேணும்னா பேரல்ல எழுதியிருக்கிற நம்பர்லயே நிறுத்தி, டேப் போட்டு, அதே இடத்துல டிஸ்டார்ஷன் சார்ட்டும் (லென்ஸ் கோட்டை எப்படி வளைக்குதுன்னு காட்டுற கட்ட அட்டை) ஒரு ஷாட் எடுத்துடுங்க.

நாடாமார்க்:

பெரிய ஜூம் எடுத்தால் 19 மி.மீ. ராடும் லென்ஸ் சப்போர்ட்டும் பெட்டியில் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். சப்போர்ட் பிராக்கெட் தனிப்பையில் கிடக்கும், அடிக்கடி விட்டுப்போவது அதுதான். இல்லாமல் 11 கிலோவை மவுண்டில் தொங்கவிட்டால் மவுண்டின் மேல் விளிம்பு நூலளவு வாய்பிளக்கும். ஃபிரேமின் மேல்பாதியும் கீழ்பாதியும் வேறு வேறு தூரத்தில் ஃபோக்கஸ் ஆகும். சப்போர்ட்டை மேலே அழுத்தி முறுக்கினாலும் அதே கதிதான், திசை மட்டும் மாறும். லென்ஸைப் பூட்டிய பிறகு, திருகு லேசாகத் தொட்டு நிற்கிற இடத்தில் நிறுத்துங்கள்.