வங்காரி மாத்தாய் விஞ்ஞானியா, போராளியா?

நுண்ணோக்கி:
பெண் விஞ்ஞானிகள் பட்டியல் யார் போட்டாலும் கென்யாவின் வங்காரி மாத்தாய் பெயர் வந்துவிடுகிறது. அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 1971இல் நைரோபியில் கால்நடை உடற்கூறியலில் முனைவர் பட்டம் வாங்கினார். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண். ஆனால் பிற்பாடு ஆய்வகத்தை விட்டுவிட்டு மரம் நடும் இயக்கம், அரசியல் என்று போனார். 2004இல் கிடைத்த நோபல்கூட அமைதிக்குத்தான். மரம் நடுவதையும் விஞ்ஞானக் கணக்கில் சேர்த்தால், ஆய்வகத்திலேயே ஆயுளைக் கழிக்கிற பெண்களை யார் நினைப்பார்கள்?

நாற்றங்கால்:
நான் நர்சரி வைத்திருக்கிறவள். இதை ஒத்துக்கொள்ள முடியாது சார். அவர் மரத்துக்கு வந்ததே ஆய்வு வழியாகத்தான். மாடுகளைக் கொல்லும் காய்ச்சலைப் பரப்புகிற உண்ணியைத் தேடிக் கிராமங்களுக்குப் போனார். மாடுகள் எலும்பும் தோலுமாக நின்றன. மழை பெய்தால் ஆறு மண்ணைக் கரைத்துக்கொண்டு பழுப்பாக ஓடியது. மாட்டைவிட நிலத்துக்குத்தான் நோவு முற்றியிருக்கிறது என்று அங்கேதான் கண்டுகொண்டார்.

1977இல் பசுமை வளைய இயக்கம் தொடங்கியபின் வனத்துறைக்காரர்கள் பெண்களுக்குப் பாடம் எடுக்க வந்தார்கள். நிலச் சரிவு, வெயில் விழும் திசை, பாத்தி ஆழம் என்று அடுக்கியதில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவரவர் கைப்பழக்கப்படி போடுங்கள் என்றார் வங்காரி. உடைந்த பானையில் விதை போட்டு, கோழியும் ஆடும் எட்டாத உயரத்தில் வைத்தார்கள். பழைய டப்பாவில் ஓட்டை போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். பிழைத்த கன்று ஒன்றுக்கு 4 அமெரிக்க சென்ட். நட்டதற்கு அல்ல, பிழைத்ததற்கு! இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு விதியின் அருமை தெரியும்.

நுண்ணோக்கி:
அருமையான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அது நிர்வாகத் திறமை அம்மா. எதைச் செய்தால் எது நடந்தது என்று அளந்து, பிறர் சோதிக்கிற மாதிரி எழுதிவைப்பதுதான் ஆய்வு. இயக்கம் நட்டது மூன்று கோடி மரம் என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து அதை ஆய்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சவன்னா:
நைரோபியில் சில வருடம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஆய்வகத்தை அவர் 'விட்டுவிட்டுப் போனார்' என்பது சரியில்லை. 1982இல் தேர்தலில் நிற்கப் பல்கலைக்கழக வேலையை ராஜினாமா செய்தார். வேட்புமனுவைத் தள்ளிவிட்டார்கள். அதே வேலைக்குத் திரும்பப் போனால் எடுக்க மாட்டோம் என்றார்கள். குடியிருந்த வீட்டையும் காலி செய்ய வைத்தார்கள்.

அவர் நட்டதைப் போலவே தடுத்ததும் பெரிது. நைரோபியின் ஊஹுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழுப்ப ஆளுங்கட்சி 1989இல் கிளம்பியபோது, கடிதம் கடிதமாக எழுதியே நிறுத்தினார். 1999 ஜனவரியில் அதே நகரத்தின் கருரா காட்டைக் கூறுபோட்டு விற்பதை எதிர்த்துக் கன்று நடப் போனவரை மண்டையில் அடித்தார்கள். புகாரில் தன் ரத்தத்தாலேயே கையெழுத்துப் போட்டார். அந்தக் காட்டுக்குள் காலையில் நடந்திருக்கிறேன். நகரத்துக்குள் இருக்கிறோம் என்றே தோன்றாது.

நுண்ணோக்கி:
1982 விஷயம் எனக்குத் தெரியாது. 'விட்டுவிட்டு' என்று எழுதியது தவறு, திருத்திக்கொள்கிறேன். என்றாலும் இழப்பு இழப்புதான். துறைத்தலைவர் நாற்காலி வரை போன ஒரு பெண்ணை ஆய்விலிருந்து வெளியே தள்ளினார்கள் என்றுதான் பதிவு செய்ய வேண்டும். வெளியே செய்ததையும் ஆய்வு என்று சொல்லிவிட்டால், தள்ளியவர்கள் செய்தது குற்றமாகவே தெரியாது.

நாற்றங்கால்:
அந்தக் கோபம் எனக்கும் உண்டு சார். ஆனாலும் வங்காரி ஊரில் இருந்த அத்திமரத்தை யோசித்துப் பாருங்கள். சின்ன வயதில் அவர் விறகு பொறுக்கப் போகும்போது, 'அதில் கை வைக்காதே, அது சாமி மரம்' என்று அம்மா சொல்லி அனுப்புவார். பக்கத்திலேயே ஓடை. அதில் கிடக்கும் தவளை முட்டைகளை மணி என்று நினைத்துக் கோக்கப் பார்ப்பாராம் வங்காரி. படித்துவிட்டு வந்து பார்த்தால், தேயிலை போட மரத்தை வெட்டியிருந்தார்கள். ஓடையும் வற்றியிருந்தது. அத்தி வேர் பாறையைத் துளைத்து இறங்கி, அடிநீர் மேலே ஊற வழிவிடும், மண்ணையும் பிடித்து நிறுத்தும் என்று அப்புறம்தான் அவர் விளக்கினார். அம்மா சாமி என்று சொன்னதற்குக் காரணத்தை மகள் மண்ணுக்குள் கண்டுபிடித்திருக்கிறாள். இதற்கு ஆய்வு என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.