18 வயதில் துரத்துகிறார்களாம்!

ஈசார்க்கரை:
பயணக் கட்டுரைப் பகுதியில் அரசூரான் ஐயா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குக் காப்பி இறங்கவில்லை. திருச்சியிலிருந்து வந்து மியூனிக்கில் மகன் வீட்டில் மூன்று மாதமாக இருக்கிறார். பால்கனியில் உட்கார்ந்து எதிர்வீட்டைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு எழுதியது இது: "ஐரோப்பாவில் பிள்ளைக்கு 18 வயது ஆனதும் பெட்டியைக் கையில் கொடுத்துத் துரத்திவிடுகிறார்கள். குடும்பம் என்பதே இங்கே செத்துப்போச்சு."

17 வருடமாக இதே ஊரில் இருக்கிறேன், எனக்கு இது தெரியாமல் போய்விட்டது பாருங்கள். ஜெர்மன் சிவில் சட்டம் 1610-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பிள்ளை ஒரு தொழிலுக்கான படிப்பை முடிக்கும்வரை செலவுக்குக் கொடுக்க வேண்டியது பெற்றோர்தான், வயது 18 ஆனாலும் சரி, 22 ஆனாலும் சரி. படிக்கிற பிள்ளைக்கு 25 வயதுவரை அரசாங்கம் குழந்தைப்படி தருகிறது. 2025-இல் மாதம் 255 யூரோ, அதுவும் பொதுவாகப் பெற்றோர் கணக்குக்குத்தான் வரும். துரத்துவதற்கா கொடுக்கிறார்கள்? ஐயா, அந்த 18 எங்கிருந்து வந்தது?

அரசூரான்:
தம்பி, நான் சட்டம் படிக்க வரவில்லை, பேரனைப் பார்க்க வந்தேன். 34 வருடம் வங்கியில் கவுன்டரில் உட்கார்ந்தவன். ஆளைப் பார்த்தாலே கணக்கு தெரியும்.

நடந்ததைச் சொல்கிறேன். செப்டம்பர் கடைசி சனிக்கிழமை. எதிர்வீட்டுப் பெண் ஐகியா நீலப் பை நான்கு, சுருட்டிய மெத்தை, ஒரு வாணலி எல்லாவற்றையும் வேனில் ஏற்றினாள். அந்த அம்மா வாசலில் நின்று கையை ஆட்டினாள். வேன் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பெண்ணுக்கு 18 என்று என் மருமகளே சொன்னாள். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

ஈசார்க்கரை:
வாணலி! துரத்துகிறவர்கள் வாணலி கொடுத்தா அனுப்புவார்கள்? ஐயா, செப்டம்பர் கடைசி என்றால் அக்டோபரில் கல்லூரி திறக்கிறது என்று அர்த்தம். அந்தப் பெண் லைப்சிக்குக்கோ டிரெஸ்டனுக்கோ படிக்கப் போகிறாள். உங்கள் மகன் எத்தனை வயதில் விடுதிக்குப் போனார்?

அரசூரான்:
17. ஆனால் அது படிப்புக்காக. விடுதி வேறு, துரத்துவது வேறு. ரயில் கண்ணுக்கு மறையும்வரை நாங்கள் பிளாட்பாரத்திலேயே நின்றோம்.

ஈசார்க்கரை:
அப்படியானால் நீங்கள் ஒரு வருடம் முன்னதாகவே துரத்திவிட்டீர்கள். வாழ்த்துகள்.

நூலகன்:
ஒரு சின்ன விஷயம். "துரத்துவது" என்றால் என்ன, "ஐரோப்பா" என்றால் எந்த நாடு என்று முதலில் பேசிக்கொண்டால் நன்றாக இருக்குமே. ஃபின்லாந்தும் கிரீஸும் ஒன்றா?

எதிர்க்காற்று:
ஐரோப்பாக்காரன் அப்பாவும் மகனும் ஹோட்டலுக்குப் போனால் பில்லைப் பிரித்துக் கட்டுவான். இதை விடவா? எங்கள் ஊரில் பில்லுக்கு அடிதடியே நடக்கும்.

ஈசார்க்கரை:
பரிமாறுகிறவர் "சேர்த்தா, தனியா?" என்று கேட்பார், உண்மைதான். நண்பர்கள் தனியாகக் கட்டுவார்கள். அப்பா மகனிடம் பில் நீட்டி நான் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்தீர்களா, இல்லை யூடியூபில் பார்த்தீர்களா? சாம்பாரில் வெல்லம் போடலாமா என்ற விவாதத்திலும் இப்படித்தான், பாதியில் ஒரு குண்டைப் போட்டுவிட்டு ஓடினீர்கள். மறக்கவில்லை.

எதிர்க்காற்று:
வெல்லம் போடக்கூடாது. இன்றும் அதேதான்.

பலேர்மோ பாலன்:
சிசிலியில் இருந்து எழுதுகிறேன். அரசூரான் ஐயா ஒரு மாதம் இங்கே வந்து தங்க வேண்டும். எங்கள் மாடியில் இருக்கும் சால்வோவுக்கு 36 வயது (பெயரை மாற்றியிருக்கிறேன்). பல் வைத்தியரிடம் உதவியாளர் வேலை, சம்பளம் வருகிறது. காலையில் அவன் சட்டையை அம்மாதான் இஸ்திரி போட்டு மாட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குப் படிக்கட்டெல்லாம் தக்காளிக் குழம்பு வாசம், பன்னிரண்டு பேர் மேசையில்.

2022 ஐரோப்பியப் புள்ளிவிவரத்தில் பெற்றோர் வீட்டை விட்டுப் போகும் சராசரி வயது இத்தாலியில் 30. குரோவேஷியாவில் 33.4. ஃபின்லாந்தில் 21.3. இப்படி வீட்டிலேயே இருக்கும் பெரிய பிள்ளைகளுக்கு இங்கே பட்டப்பெயரே உண்டு. 2007-இல் நிதியமைச்சர் பதோவா ஸ்கியோப்பா "பம்போச்சோனிகளை வீட்டை விட்டு வெளியே அனுப்புவோம்" என்று சொல்லி நாடே கொந்தளித்தது. வளர்ந்த பாப்பாக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு வரிச்சலுகை கொடுக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டார். 2010-இல் புருனெட்டா என்ற இன்னொரு அமைச்சர், 18 வயதில் வீட்டை விட்டுப் போகச் சட்டமே போட வேண்டும் என்றார். தன் படுக்கையை 30 வயதுவரை அம்மாதான் தட்டிப் போட்டாள் என்று அவரே ஒப்புக்கொண்டதுதான் வேடிக்கை.

அரசூரான்:
பார்த்தீர்களா! 18! அமைச்சரே சொல்லியிருக்கிறார். நன்றி பாலன் தம்பி.

பலேர்மோ பாலன்:
ஐயா, எல்லோரும் அவரைக் கேலி செய்தார்கள். சட்டம் வரவே இல்லை.

அரசூரான்:
வந்ததா வரவில்லையா என்பது வேறு. எண்ணம் இருந்ததா இல்லையா? 18 என்ற எண் ஒரு அமைச்சர் வாயிலிருந்து வந்ததா இல்லையா?

ஈசார்க்கரை:
ஜெர்மனியில் அதே 2022-இல் சராசரி 23.8. இருபத்து மூன்று புள்ளி எட்டு. வங்கிக்காரருக்குத் தசமம் தெரியும் என்று நம்புகிறேன்.

ஈசார்க்கரை:
இன்னொன்று, இது உங்களுக்குப் பிடிக்கும். 1612-ஆம் பிரிவின்படி பெற்றோர், "வெளியே அறைக்கு வாடகை தரமாட்டேன், வீட்டிலேயே இரு, சாப்பாடு போடுகிறேன்" என்று மணமாகாத பிள்ளையிடம் சொல்லலாம், 18 தாண்டிய பிறகும். துரத்தச் சொல்கிற சட்டம் எங்கேயும் இல்லை, உட்கார வைக்கிற சட்டம் இருக்கிறது. மியூனிக்கில் பகிர்வு வீட்டில் ஓர் அறைக்கே 700 யூரோவுக்கு மேல் போகிறது. பாதிப் பிள்ளைகள் துரத்தினாலும் போகமாட்டார்கள்.

ஈசார்க்கரை:
பதில் இல்லை. காத்திருக்கிறேன். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, 18?

லாச்சப்பல் ராசாத்தி:
நான் 1991-இல் பாரிசுக்கு வந்தவள். ஜேர்மனியைப் பற்றி எனக்குக் கதைக்கத் தெரியாது. வயோதிபர் இல்லத்தில் 24 வருடம் வேலை செய்தேன், அதைப் பற்றிக் கதைக்கலாம். தம்பியும் ஐயாவும் இரண்டு பேரும் அரைவாசிதான் சொல்கிறீர்கள்.

அரசூரான்:
அம்மா, "ஜெர்மனி" என்று எழுத வேண்டும். "ஜேர்மனி" இல்லை.

லாச்சப்பல் ராசாத்தி:
நாங்கள் சின்ன வயதில் இருந்து அப்படித்தான் எழுதுகிறோம் ஐயா. யாழ்ப்பாணத்துப் பத்திரிகை எல்லாவற்றிலும் அப்படித்தான். உங்கள் குறில்தான் சரி என்று யார் சொன்னது?

எதிர்க்காற்று:
இரண்டுமே தவறு. "செருமனி".

நூலகன்:
அவர்களே "டாய்ச்லாந்து" என்றுதான் சொல்கிறார்கள். நான் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஈசார்க்கரை:
எழுத்துக்கூட்டலுக்குத் தாவியாகிவிட்டது. 18 எங்கே?

லாச்சப்பல் ராசாத்தி:
ஒருக்கா முழுக்க வாசியுங்கோ. 2003 ஆகஸ்ட் வெயிலில் பிரான்சில் ஏறக்குறைய 15,000 பேர் செத்தார்கள், முக்கால்வாசி கிழடுகள். எங்கள் இல்லத்தில் குளிரூட்டி இல்லை. துவாயை நனைத்து நெற்றியில் போட்டுப் போட்டு எடுத்தோம், ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். நகரத்துக்குள் தகரக் கூரைக்குக் கீழே மச்சறையில் தனிய இருந்தவர்களின் நிலை இன்னும் மோசம். பிள்ளைகள் கடற்கரையில் விடுமுறையில். உரிமை கேட்க ஆள் வராத உடல்களைச் செப்டம்பரில் பாரிசுக்குப் பக்கத்தில் தியே என்ற ஊர்க் கல்லறையில் அரசாங்கமே புதைத்தது. ஜனாதிபதி சிராக் போய் நின்றார்.

அரசூரான்:
இதைத்தான் சொன்னேன்! பெற்ற பிள்ளை வரவில்லை! 18 வயதில் துரத்தினால் 80 வயதில் யார் வருவார்கள்?

லாச்சப்பல் ராசாத்தி:
ஐயா, முடிக்க விடுங்கோ. அதுக்குப் பிறகு நாட்டுக்கு வெட்கம் வந்தது. வயோதிபர் இல்லம் எல்லாவற்றிலும் குளிரான அறை ஒன்று இருக்க வேண்டும் என்று வந்தது. 2004-இல் சட்டம் போட்டு, வருடத்தில் ஒரு நாள் மேலதிகமாக எல்லாரும் வேலை செய்து அந்தக் காசை முதியோருக்கு ஒதுக்க வைத்தார்கள். பெந்தெகொஸ்தே திங்கட்கிழமை விடுமுறை போனது என்று அன்றைக்குத் திட்டாத பிரெஞ்சுக்காரர் இல்லை. பிள்ளை பெற்றோரைப் பார்க்க வேண்டும் என்பது நெப்போலியன் காலத்துச் சட்டத்திலேயே இருக்கிறது, 205-ஆம் பிரிவு, 1804. இல்லத்துக் கட்டணம் கட்டப் பிள்ளைகளிடம் காசு கேட்டுக் கடிதம் வரும். எனக்குத் தெரியும், அந்தக் கடிதத்தோடு வந்து வரவேற்பறையில் அண்ணனும் தங்கையும் சண்டை பிடித்ததை நான் பார்த்தேன்.

இன்னொன்று. ஒரு மகன் ஞாயிறு தவறாமல் வருவார், சொக்லேட் எக்லேர் ஒன்றுதான் வாங்கி வருவார், இரண்டாக வெட்டித் தாய்க்குப் பெரிய பாதி. அவவுக்கு மகன் என்றே தெரியாது, "மெர்சி மெசியூ" (நன்றி ஐயா) என்பா. பதினொரு வருடம் வந்தார். அதே மாடியில் எங்கட ஆள் ஒருவரும் இருந்தார். மூன்று பிள்ளைகளும் லண்டனிலும் கனடாவிலும். அவரைப் பார்க்க நாங்கள் வேலைக்காரர்தான்.

ஈசார்க்கரை:
அக்கா, அருமை. ஜெர்மனி நிலவரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 கடைசியில் பராமரிப்பு தேவைப்பட்டவர்கள் கிட்டத்தட்ட 50 லட்சம், அதில் 84 சதவீதம் பேர் இருந்தது வீட்டில்தான், இல்லத்தில் அல்ல. பெரும்பாலும் குடும்பத்தார்தான் பார்த்துக்கொள்கிறார்கள். முதியோர் இல்லம் என்றாலே ஐரோப்பா என்று நினைப்பவர்கள் இந்த 84-ஐச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

அரசூரான்:
84 இருக்கட்டும் தம்பி. 18-க்கு வாருங்கள்.

ஈசார்க்கரை:
நானா 18-க்கு வர வேண்டும்? நான் நான்கு பதிவாக 18-இலேயே நிற்கிறேன்!

எதிர்க்காற்று:
2020-இல் ஜெர்மனியில் என்ன செய்தார்கள் தெரியுமா? வருடத்துக்கு ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் சம்பாதித்தால்தான் பெற்றோரின் பராமரிப்புச் செலவைப் பிள்ளையிடம் கேட்பார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் கையைக் கழுவியாச்சு. இதையும் சுவரில் ஒட்டுங்கள், 84-க்குப் பக்கத்தில்.

ஈசார்க்கரை:
அது கையைக் கழுவுவதற்கு இல்லை, அப்பா படுத்துவிட்டால் மகள் வீட்டுக்கடன் மூழ்கக்கூடாது என்பதற்கு. அப்புறம் ஒரு கேள்வி. பாசம் பொங்கி வழிகிற நம் நாட்டில் 2007-இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் எதற்கு வந்தது? பெற்ற பிள்ளை மாதம் அதிகபட்சம் பத்தாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயம் வைத்துச் சொல்ல வேண்டியிருந்ததே. இத்தாலியில் அமைச்சர் பிள்ளைகளைப் போகச் சொன்ன அதே வருடம், நம் நாட்டில் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிடச் சட்டம்.

அரசூரான்:
ஊரை விட்டு வந்தவர்கள் ஊரைக் குறை சொல்வது சகஜம்தான். குடியுரிமை வாங்கியாச்சா தம்பி?

ஈசார்க்கரை:
வாங்கியாச்சு. அதற்கும் 18-க்கும் என்ன சம்பந்தம்?

பலேர்மோ பாலன்:
சண்டை போடாதீர்கள். 2023-இல் பாவியா நகரத்தில் 75 வயது அம்மா நீதிமன்றத்துக்குப் போய், 40 வயது தாண்டியும் போகாத இரண்டு மகன்களை வீட்டை விட்டு வெளியேற்றத் தீர்ப்பு வாங்கினாள். அரசூரான் ஐயாவுக்கு ஒரு துரத்தல் கிடைத்துவிட்டது. வயதுதான் 18 இல்லை.

லாச்சப்பல் ராசாத்தி:
எனக்கு ஒன்றுதான் கேட்க இருக்கிறது. ஐயா, அந்தப் பிள்ளை வேனில் சாமான் ஏற்றினது எவ்வளவு நேரம் இருக்கும்? ஒரு மணித்தியாலம்? நீங்கள் முழுக்கப் பார்த்துக்கொண்டா இருந்தீர்கள்? பகலில் வீட்டில் வேறு ஆட்கள் இல்லையா?

அரசூரான்:
மகனுக்கும் மருமகளுக்கும் வேலை. பேரன் நாலு மணிக்கு வருவான். அதனால் என்ன? பால்கனியில் உட்காரக் கூடாதா?

லாச்சப்பல் ராசாத்தி:
உட்காரலாம் ஐயா. அந்த அம்மா கதவைச் சாத்தின பிறகு உள்ளே என்ன செய்தா என்று பால்கனியில் இருந்து தெரியாது, அவ்வளவுதான்.

எதிர்க்காற்று:
உள்ளே போய் மகள் அறையை வாடகைக்கு விளம்பரம் கொடுத்திருப்பாள்.

மட்டுறுத்துநர்:
குடியுரிமை, எழுத்துக்கூட்டல், சாம்பார் எல்லாவற்றுக்கும் தனிப் பகுதி இருக்கிறது. ஈசார்க்கரை, தொடர்ந்து மூன்று பதிவு போடாதீர்கள், ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியாகிவிட்டது.

ஈசார்க்கரை:
தவறான தகவலைப் போட்டவருக்கு எச்சரிக்கை இல்லை, கேட்டவனுக்கு எச்சரிக்கை. சரி. வெல்லம் விவாதத்திலும் இதேதான் நடந்தது.

நூலகன்:
ஸ்வீடனில் 21, குரோவேஷியாவில் 33 என்றால் "ஐரோப்பாவில்" என்று ஆரம்பிக்கும் எந்த வாக்கியமும்...

அரசூரான்:
நூலகன் தம்பி, பொறுங்கள். ஸ்வீடன் 21 என்றால் சராசரி 21. சராசரி என்றால் சிலர் 24, சிலர் 18. ஆகவே 18 உண்டு. 34 வருடம் வட்டிக் கணக்குப் போட்டவனிடம் சராசரி சொல்லித் தர வேண்டாம்.

ஈசார்க்கரை:
போனவர்கள் இருக்கிறார்கள் ஐயா, துரத்தியது யார்? துரத்தியது யார்? அந்த வாணலிக்கு இன்னும் பதில் வரவில்லை!

அரசூரான்:
பேரன் வந்துவிட்டான், கதவைத் திறக்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம். வாணலி பழையது. எழுதியது எழுதியதுதான், 18.