லேசர் மெஷின் வாங்கும் முன்: சைன் போர்டு கடைக்காரர்களின் அனுபவங்கள்

மதுரையில் சைன் போர்டு வேலை செய்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பிகள் எத்தனை வாட் லேசர் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வாட்டுக்கு அப்புறம் வருவோம். உங்கள் பழைய பில்களை எடுத்து, எந்தப் பொருளை அதிகம் அறுக்கிறீர்கள் என்று பாருங்கள். நம் கடைகளில் ஓடுவது ஏசிபி (இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை), சன்போர்டு (நுரை பிளாஸ்டிக் அட்டை), வினைல் ஸ்டிக்கர், அக்ரிலிக். இதில் கார்பன் டை ஆக்சைடு லேசர் கைகொடுப்பது அக்ரிலிக்குக்கு மட்டும்தான். எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை), பிளைவுட் வேலை இருந்தால் அதற்கும் சேர்த்து. ஏசிபியின் அலுமினியத் தகடு அதற்கு மசியாது. சன்போர்டும் வினைலும் பிவிசி. லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். நுரையீரலுக்குக் கேடு, மெஷினின் ரெயிலும் பேரிங்கும் துருவேறிப் போகும். ஒரு விற்பனையாளர், "சன்போர்டும் அருமையா வெட்டும் சார்" என்று என்னிடமே சொன்னார். அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். கடையில் நிற்கப் போகும் பையனின் உடம்பைப் பற்றி யோசிக்காதவரிடம் மெஷின் வாங்கக் கூடாது.

அடுத்து கோவையில் ஒரு ஷோரூம். எம்டிஎஃபில் சாவிக்கொத்தும் பூ டிசைனும் வெட்டிக் காட்டினார்கள். அதை எந்த மெஷினும் செய்யும். நான் 5 மி.மீ. வெள்ளை அக்ரிலிக் துண்டும், கோரல்டிரா டிசைன் சாஃப்ட்வேரில் செய்த ஒரு பெயர்ப்பலகை ஃபைலைப் பென்டிரைவிலும் கொண்டு போயிருந்தேன். அதை வெட்டச் சொன்னேன். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பாதி நேர்கோடு. நம் ஞ, ணை, ழு எல்லாம் சுழிமேல் சுழி. திருப்பத்தில் லேசர் ஹெட்டின் (ஒளியைப் பாய்ச்சும் தலைப்பகுதி) வேகம் குறையும்போது பவரும் கூடவே குறைய வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் உருகும். பெல்ட் தளர்ந்திருந்தால் விளிம்பில் அலை அலையாகக் கோடு விழும். அவர்கள் பெருமையாகக் காட்டிய மெஷினில் ணை-யின் உள்சுழி உருகி ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்த, ரூய்டா கம்பெனி கன்ட்ரோலர் (ஹெட்டையும் பவரையும் இயக்கும் போர்டு) போட்ட மெஷினில் அதே ஃபைல், அதே துண்டு, விளிம்பு கண்ணாடி மாதிரி வந்தது. இரண்டிலும் எழுதியிருந்தது 80 வாட்தான்.

மெய்யெழுத்தின் புள்ளியையும் கையில் எடுத்துப் பாருங்கள். தனித் துண்டாக விழும் அந்தச் சின்ன வட்டம் முட்டை வடிவில் வந்தால் எக்ஸ், ஒய் அச்சுகள் சரியாக இல்லை என்று அர்த்தம். கடைப் பலகைகளில் தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற விகிதம் கேட்கப்படும் ஊரில் தமிழ் எழுத்துதான் நமக்குச் சோறு போடுகிறது. அதை ஒழுங்காக வெட்டாத மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

வாட் விஷயம்: லேசர் ஒளி உண்டாகும் கண்ணாடி டியூபின் நீளத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். ஒரு மீட்டர் டியூப் 80 வாட் தராது. அது ஏறக்குறைய 50 வாட் ரகம். 3, 5 மி.மீ. அக்ரிலிக்குக்கு நல்ல 80 வாட் போதும். பெட் (ஷீட் வைக்கும் மேசை) 1300க்கு 900 மி.மீ. எடுத்தால் 4 அடி அகல ஷீட் உள்ளே போகும். ஆனால் 8 அடி நீளத்தை நகர்த்தி நகர்த்தி வெட்ட முன்னும் பின்னும் திறப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். மேசைமேல் வைக்கும் நீல டயோடு லேசரை நம்பி அக்ரிலிக் ஆர்டர் எடுக்க வேண்டாம். அந்த ஒளி நிறமில்லாத அக்ரிலிக்கை ஊடுருவிப் போய்விடும், வெட்டாது.

* * *

மதுரை அண்ணன் சொன்னதெல்லாம் சரி. நான் தூத்துக்குடி. டியூபுக்குப் போகும் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் (chiller) பற்றி யாரும் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன். மெஷினோடு இலவசமாகத் தரும் 3000 மாடலில் கம்ப்ரசர் கிடையாது, ஃபேன் மட்டும்தான். அறைச் சூட்டைவிடத் தண்ணீரை அதனால் குளிர்விக்க முடியாது. மே மாதம் அறையே 38 டிகிரி இருக்கும்போது டியூபுக்கும் அதே சூட்டில்தான் தண்ணீர் போகும். பவர் இறங்கும், டியூபின் ஆயுளும் குறையும். கம்ப்ரசர் உள்ள 5200 மாடலை விலையோடு சேர்த்தே பேசி வாங்குங்கள்.

ஆனால் கடலோர ஊர்க்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். குளிர்ச்சி நல்லதுதானே என்று ரொம்பக் குறைத்து வைத்தால் டியூபின்மேல் வியர்க்கும். அதில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட். ஈரத்தில் பொறி பறந்து பவர் சப்ளை போன ஒரு கடையை நேரில் பார்த்தேன். எர்த் தனியாகப் போட்டே ஆக வேண்டும். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்புப் படியும், டிஸ்டில்டு வாட்டர்தான்.

எனக்குப் பக்கத்துக் கடை டெய்லர் அக்காவுக்கு அக்ரிலிக் புகை வாடை தாங்கவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. புகையை இழுத்து வெளியே தள்ளும் ப்ளோயரின் குழாயை மொட்டை மாடிக்கு மேலே ஏற்றிய பிறகுதான் நிம்மதி. அந்தச் செலவையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், மெஷின் ஓடும்போது டீ குடிக்கக்கூட வெளியே போகாதீர்கள். அக்ரிலிக் தீப்பிடிக்கும். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

* * *

அண்ணன்கள் இருவருக்கும் வணக்கம், ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். நான் இன்னும் லேசர் வாங்கவில்லை. லேசர் வைத்திருப்பவர்களிடம் ஜாப் ஒர்க்காக வெட்டக் கொடுக்கிறேன். கூலியை நிமிஷக் கணக்கில் வாங்குகிறார்கள். ஒவ்வொரு பில்லையும் நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் கூட்டிப் பார்ப்பேன். லோன் தவணை, கரண்ட், டியூப் மாற்றும் செலவு எல்லாம் சேர்த்தால் என் ஜாப் ஒர்க் பில் இன்னும் அதற்குக் கீழேதான் இருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் வரிசையில் காத்திருக்க வேண்டும், அது உண்மையிலேயே கஷ்டம்.

ஷீட்டை மட்டும் நானே வாங்கிக் கொடுத்துவிடுவேன், காஸ்ட் அக்ரிலிக்தான் (அச்சில் வார்த்த ஷீட்) வேண்டும் என்று கேட்டு. எக்ஸ்ட்ரூடட் ஷீட் (உருக்கிப் பிதுக்கிச் செய்தது) மலிவு, ஆனால் அதில் பெயர் பொறித்தால் எழுத்து வெளுத்துத் தெரியாது. மதுரை அண்ணன் சொன்னபடி பில்களைப் பிரித்துப் பார்த்தேன். என் வேலையில் பெரும்பகுதி ஏசிபி முகப்புதான். ஆகவே முதலில் சிஎன்சி ரூட்டர் (சுழலும் பிட்டால் அறுக்கும், பள்ளம் எடுக்கும் மெஷின்) வாங்குவதாக முடிவு. 90 டிகிரி வி-பிட்டில் (முனை V வடிவில் இருக்கும் பிட்) ஏசிபிக்குப் பள்ளம் எடுத்து மடிப்பவர்கள், எந்த வேகத்தில் ஓட்டுகிறீர்கள், கீழ்த்தகடு கிழியாமல் ஆழத்தை எப்படி வைக்கிறீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.