மெத்தனால் இல்லாமல் நீரிலிருந்து ஹைட்ரஜன் ஏன் வருவதில்லை?

கேள்வி – முதுகலை வேதியியல் மாணவி

வணக்கம். பிளாட்டினம் ஏற்றிய டைட்டானியம் டை ஆக்சைடுத் தூளை நீரில் கலந்து, ஆர்கான் செலுத்திக் காற்றை வெளியேற்றிய பின், புற ஊதா விளக்கொளியில் வைக்கிறேன். சிறிது மெத்தனால் சேர்த்தால் ஹைட்ரஜன் தாராளமாக வருகிறது. சேர்க்காவிட்டால் கேஸ் குரோமடோகிராபில் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) அதற்கான சிகரமே தெரிவதில்லை. 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இதே பொருளைக் கொண்டுதானே நீரைப் பிளந்தார்கள்? என் முடிவை 'நீர்ப் பிளப்பு' என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில் 1 – வினையூக்கி ஆய்வாளர்

எழுத வேண்டாம். அவர்கள் பயன்படுத்தியது தூள் அல்ல. டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாயையும் பிளாட்டினம் மின்வாயையும் கம்பியால் இணைத்திருந்ததால், ஆக்சிஜன் ஓரிடத்திலும் ஹைட்ரஜன் வேறிடத்திலும் வெளிப்பட்டன. உங்கள் குடுவையிலோ இரண்டும் ஒரே துகளின் மேல் உருவாக வேண்டும். அப்படியே உருவானாலும், பிளாட்டினத்தின் மேல் அவை இருட்டில்கூட மீண்டும் சேர்ந்து நீராகிவிடும். மேலும், ஒளி பட்டதும் உண்டாகும் நேர்மின் துளைகள் (எலக்ட்ரான் விலகிய இடங்கள்) நான்கு சேர்ந்தால்தான் நீரிலிருந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு கிடைக்கும். மெத்தனாலோ அத்துளைகளுக்கு எளிதில் எலக்ட்ரானைக் கொடுத்துத் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடுகிறது.

ஆற்றல் கணக்கைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். ஒரு மோல் நீரைப் பிளக்க 237 கிலோஜூல் தேவை; ஒரு மோல் மெத்தனால் நீருடன் வினைபுரிந்து மூன்று மோல் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடுமாக மாறவோ ஏறத்தாழ 9 கிலோஜூல் போதும். சூரிய ஆற்றலைச் சேமிப்பதுதான் நம் நோக்கம் என்றால், இந்த வினையில் சேமிப்பு என்று சொல்லிக்கொள்ள ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. 'மெத்தனால் கரைசலில் ஒளிவினையூக்க ஹைட்ரஜன் உற்பத்தி' என்று எழுதுங்கள். அதுவே நேர்மையான தலைப்பு.

பதில் 2 – ஆய்வகப் பொறுப்பாளர்

முழு நீர்ப் பிளப்புக்குச் சான்று, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 2:1 விகிதத்தில் தொடர்ந்து வருவதே. ஆக்சிஜன் சிகரம் தெரிந்ததும் மகிழ்ந்துவிடாமல், பக்கத்தில் நைட்ரஜன் சிகரமும் வளர்கிறதா என்று பாருங்கள். வளர்ந்தால் ரப்பர் மூடி வழியே காற்று கசிகிறது என்று பொருள். குரோமடோகிராபுக்குள் மாதிரியைச் சுமந்து செல்லும் கடத்து வாயுவாக ஹீலியத்தை விட ஆர்கானே நல்லது. ஹீலியத்தின் வெப்பக் கடத்துதிறன் ஹைட்ரஜனுடையதை நெருங்கியிருப்பதால், வெப்பக் கடத்துதிறன் உணரியில் ஹைட்ரஜன் சிகரம் மிகச் சிறிதாகவே தெரியும்.

பதில் 3 – வினையூக்கி ஆய்வாளர்

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் மீண்டும் நீராகும் மீள்வினையைத் தடுக்க வழி உண்டு. ஜப்பானில் டோமென் குழுவினர், அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டின் மேல் ரோடியத்தைப் படியவைத்து, ஆக்சிஜன் அதை அணுகாதபடி குரோமியம் ஆக்சைடால் மூடி, ஆக்சிஜன் உருவாகும் முகங்களில் கோபால்ட் சேர்மத்தை வைத்தார்கள். 2020இல் வெளியான அவர்களின் அளவீட்டில், 350 முதல் 360 நானோமீட்டர் ஒளியில் குவாண்டம் திறன் (விழும் ஒளித்துகள்களில் வினைக்குப் பயன்படும் பங்கு) 96 விழுக்காடு வரை எட்டியது. ஆனால் அப்பொருள் புற ஊதாவை மட்டுமே உறிஞ்சுகிறது. அதனால்தான் அதே வகை வினையூக்கியை 100 சதுர மீட்டர் பலகைகளில் பரப்பி வெயிலில் வைத்தபோது, சூரிய ஆற்றல் ஹைட்ரஜனாக மாறிய அளவு அதிகபட்சம் 0.76 விழுக்காடாகவே இருந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் இதே திறனோடு பயன்படுத்தும் பொருள்தான் இன்றைய தேவை. உங்களுக்கு நேரம் இருந்தால், பிளாட்டினத்தின் மேல் குரோமியம் ஆக்சைடைப் படியவைத்து, மெத்தனால் இல்லாமல் ஒருமுறை அளந்து பாருங்கள்.