உரோமையின் யாத்திரிகர் ஆலயம்: பயணிகள் தங்கியது எங்கே?

கேள்வி:
உரோமையில் சிஸ்தோ பாலத்திற்கு அருகே, யாத்திரிகரின் பெயரால் வழங்கும் மூவொரு கடவுள் (தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் விளங்கும் ஒரே கடவுள்) ஆலயம் ஒரு காலத்தில் திருப்பயணிகளுக்குப் புகலிடமாக விளங்கியது என்று படித்தேன். அவர்கள் ஆலயத்திற்குள்ளேயே தங்கினார்களா? இன்று காணும், அலங்காரம் மிகுந்த பரோக் பாணி முகப்பும் அக்காலத்தைச் சேர்ந்ததுதானா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
ஆலயத்திற்குள் அல்ல, அதையொட்டி இருந்த விடுதியில்தான் தங்கினார்கள். புனித பிலிப்பு நேரி 1548இல் தொடங்கிய பொதுநிலையினர் (குருக்கள் அல்லாத விசுவாசிகள்) சபை ஒன்று, திருத்தந்தை அறிவிக்கும் சிறப்புப் புனித ஆண்டான யூபிலி 1550இல் வந்தபோது, உரோமைக்கு வந்து சேர்ந்த ஏழைப் பயணிகளுக்கு உணவும் படுக்கையும் அளிக்கத் தொடங்கியது. 1575 யூபிலியில் அச்சபை வரவேற்றவர்கள் ஒரு லட்சத்திற்கும் மேல். வாரக்கணக்கில் நடந்து வந்தவர்களின் புழுதி படிந்த பாதங்களைக் கர்தினால்மாரும் பிரபுக்களும் குனிந்து கழுவிவிட்டு, பிறகு பந்தியில் தாங்களே பரிமாறினார்கள். பெண் பயணிகளுக்கு உயர்குடிப் பெண்கள் அதே பணியைச் செய்தார்கள். அதில் ஓரளவு பகட்டும் கலந்திருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனாலும் வந்தவர்களுக்குச் சோறும் படுக்கையும் கிடைத்தன.

பதில் 2:
மேலே எழுதிய நண்பர் விட்டுவிட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். யூபிலி இல்லாத ஆண்டுகளில் அப்படுக்கைகள் சும்மா கிடக்கவில்லை. நோய் தணிந்ததும் மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்டு, வேலைக்குத் திரும்ப உடலில் வலுவில்லாமல் தெருவில் நின்றவர்களைச் சபை அங்கே தங்கவைத்துத் தேற்றியது. அக்காலத்தில் இவர்களைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் குறைவு என்பதால், யாத்திரிகர் உபசாரத்தைவிட இதையே பெரிய தொண்டாக நான் கருதுகிறேன்.

1849இல், திருத்தந்தையின் ஆட்சியை நீக்கி அமைந்த உரோமைக் குடியரசு பிரெஞ்சுப் படையுடன் போரிட்டபோது விடுதி காயமுற்றோருக்கான மருத்துவமனையாயிற்று. இத்தாலிய நாட்டுப்பண்ணை இயற்றிய கொஃப்ரேதோ மமேலி, கால் துண்டிக்கப்பட்ட பின்னும் தொற்று தணியாமல், அவ்வாண்டு ஜூலை 6ஆம் நாள் 21 வயதில் இறந்தது இங்கேதான்.

பதில் 3:
இரண்டாவது கேள்விக்கு விடை: 1575இல் வந்தவர்கள் இந்த முகப்பை மட்டுமல்ல, இந்த ஆலயத்தையே பார்த்திருக்க முடியாது. அப்போது இங்கே இருந்தது புனித பெனடிக்ட் பெயரிலான பழைய கோவில். இன்றைய கட்டடத்தின் பணி 1587இல் தொடங்கியது; 1616இல் ஆலயம் இறைவழிபாட்டுக்கென நேர்ந்தளிக்கப்பட்டது. சற்றே உட்குழிந்து வளையும் முகப்பை 1723 வாக்கில் அமைத்தவர், உரோமையின் புகழ்பெற்ற ஸ்பானியப் படிக்கட்டுகளை வடிவமைத்த பிரான்செஸ்கோ தெ சாங்திஸ். நான்கு நற்செய்தியாளரின் சிலைகள் அதில் உள்ளன. உள்ளே செல்பவர்கள் தலைமைப் பீடத்தில் குய்தோ ரேனி 1625இல் தீட்டிய மூவொரு கடவுள் ஓவியத்தின் முன் சிறிது நேரம் நிற்கலாம். 2008 முதல் இங்கே பழைய இலத்தீன் முறைத் திருப்பலி நடைபெறுகிறது.