காரைக் கொஞ்சம் இறக்க வேண்டும், எந்தக் காயிலோவர் எடுப்பது?

நாலுசக்கரம்:
வணக்கம். என்னுடையது சின்ன ஹேட்ச்பேக், முன்னால் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக இருப்பது), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுகிக்கொடுக்கும் குறுக்குச் சட்டம்). டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய இடைவெளி கண்ணை உறுத்துகிறது, வளைவில் வண்டி சாய்வதும் அதிகம். 40 மி.மீ. இறக்கலாம் என்று ஆசை. ஆனால் தினமும் ஓட்டும் வண்டி, பின் சீட்டில் அப்பா அம்மா உட்காருவார்கள், அவர்கள் முதுகு நோகக் கூடாது. லோயரிங் ஸ்ப்ரிங் (வண்டியை இறக்கும் குட்டை ஸ்ப்ரிங்) மட்டும் போதும் என்கிறார்கள் சிலர். காயிலோவர் (ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் சேர்ந்து வரும், உயரம் மாற்றக்கூடிய கிட்) பக்கம் பார்த்தால் உயரம் மட்டும் மாற்றுவது, டேம்பிங்கும் (ஸ்ப்ரிங்கின் ஆட்டத்தை ஷாக் அடக்கும் அளவு) மாற்றுவது, அதற்கு 30 கிளிக், அதாவது 30 படி என்று தலை சுற்றுகிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

ஷாக்_பிரியன்:
எவ்வளவு இறங்கும் என்பதை விட, இறங்கிய பிறகு ஷாக் அப்சார்பருக்கு மேலும் கீழும் போக எவ்வளவு இடம் மிச்சம் இருக்கும் என்று முதலில் பாருங்கள். கம்பெனி ஷாக்கை அப்படியே வைத்துக் குட்டை ஸ்ப்ரிங் போட்டால் பிஸ்டன் ஏற்கெனவே பாதி அமுங்கிய நிலையில்தான் நிற்கும். நாலு பேர் ஏறி ஒரு பள்ளத்தில் விட்டால் நேராக பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் முழுதாக அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) போய் இடிக்கும், அந்த இடிதான் பின் சீட்டில் இருப்பவர் முதுகுக்குப் போகிறது. 20, 25 மி.மீ. வரை நல்ல லோயரிங் ஸ்ப்ரிங் சமாளிக்கும், 40 என்றால் நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

காயிலோவரிலும் உயரம் மாற்ற இரண்டு வழி உண்டு. ஒன்று, ஸ்ப்ரிங் உட்காரும் தட்டை மரையில் திருகி மேலே கீழே கொண்டு போவது. இதில் இறக்க இறக்க அமுங்குவதற்கான இடம் குறைந்துகொண்டே போகும். இன்னொன்று, ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி பிராக்கெட் தனியாகத் திருகும். ஸ்ப்ரிங் ப்ரீலோட் (எடை ஏறும் முன்பே ஸ்ப்ரிங் அமுக்கப்பட்டிருக்கும் அளவு) மாறாது, ஸ்ட்ரட்டின் மொத்த நீளம்தான் குறையும், அதனால் ஷாக்கின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், அப்படியே இருக்கும். ஆனால் இதில் டயர் ஃபெண்டரின் உள்பக்கத்தில் உரச வாய்ப்பு அதிகம், ஏனென்றால் ஷாக் அடிதட்டும் முன்பே சக்கரம் அங்கே போய்விடும். ப்ரீலோடை ஏற்றினால் ஸ்ப்ரிங் கடினமாகும் என்று பலர் நம்புகிறார்கள், சீரான சுற்றுள்ள லீனியர் ஸ்ப்ரிங்கில் அது நடக்காது. ஸ்ப்ரிங் ரேட் (ஸ்ப்ரிங் ஒரு மி.மீ. அமுங்கத் தேவைப்படும் விசை) மாற ஸ்ப்ரிங்கையே மாற்ற வேண்டும்.

முன்_ஆக்சில்:
மேலே சொன்னது சரி, நான் கோணங்களைப் பற்றிச் சொல்கிறேன். மேக்ஃபர்சனில் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு கீழே இணைக்கும் கை) பெரும்பாலும் சக்கரப் பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும். இறக்க இறக்க அது படுத்து, ஒரு கட்டத்துக்கு மேல் சக்கரப் பக்கம் உயர்ந்துவிடும். அப்போது ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), வண்டியின் எடை மையத்தை விட வேகமாகக் கீழே இறங்கிவிடுகிறது, அதாவது இறக்கிய வண்டி இன்னும் அதிகமாகச் சாயப் பார்க்கும். அதைக் கடினமான ஸ்ப்ரிங் மறைக்கிறது, அவ்வளவுதான். உங்களுக்குச் சாய்வு குறைய வேண்டும் என்றால் 25, 30 மி.மீ. போதும் என்பது என் கருத்து. ஆர்ம் தரைக்கு இணையாக வரும் இடத்தைத் தாண்டாதீர்கள்.

பின்பக்கம் டார்ஷன் பீம் என்றால் ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக இருக்கும், கிட்டிலும் பெரும்பாலும் ஸ்ப்ரிங்குக்கு அடியில் ஒரு திருகு தட்டுதான் வரும். அதுவே சரியான அமைப்பு. ஷாக்கின் மேலேயே ஸ்ப்ரிங்கை மாட்டும் கிட் கிடைத்தால் யோசியுங்கள், வண்டியின் எடையைத் தாங்குவதற்காக அந்த ஷாக் மவுண்ட் செய்யப்படவில்லை.

நாலுசக்கரம்:
அருமை, 30 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். அப்புறம் அந்த டேம்பிங் கிளிக் எல்லாம் எனக்குத் தேவையா?

ஷாக்_பிரியன்:
தினசரி ஓட்டத்துக்கு அவசியம் இல்லை. கிளிக் எண்ணிக்கை தரத்தைச் சொல்லாது, ஸ்ப்ரிங்குக்குப் பொருத்தமான டேம்பிங் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கேடபிள்யூ வி1, பில்ஸ்டீன் பி14 என்ற கிட்கள் இரண்டிலும் உயரம் மட்டுமே மாற்றலாம், டேம்பிங்கை அவர்களே அமைத்துத் தருகிறார்கள். கேடபிள்யூவின் வி2-வில் ரீபவுண்ட் (ஷாக் நீளும்போது டேம்பிங்) மாற்றலாம், வி3-யில் ரீபவுண்டும் கம்ப்ரஷனும் (ஷாக் அமுங்கும்போது டேம்பிங்) தனித்தனியாக. பிசி ரேசிங் பிஆர் வரிசையில் 30 கிளிக் உண்டு, ஆனால் ஒரே திருகில் இரண்டும் சேர்ந்து மாறும். அதனால் குலுங்கலைக் குறைக்கத் திருகினால் வண்டி மிதக்கிற உணர்வும் கூடவே வரலாம்.

கிளிக்கை விட ஸ்ப்ரிங் ரேட்டைக் கேட்டு வாங்குங்கள். 1 கி.கி./மி.மீ. என்றால் சுமார் 9.8 நியூட்டன்/மி.மீ., அமெரிக்கக் கணக்கில் 56 பவுண்டு/அங்குலம். கம்பெனி ஸ்ப்ரிங்கை விட இரண்டு மடங்குக்கு மேல் போகும் கிட் அப்பா அம்மாவுக்கு ஏற்றதல்ல. முன் எண்ணையும் பின் எண்ணையும் நேரடியாக ஒப்பிடாதீர்கள், பீமில் ஸ்ப்ரிங் சக்கரத்திலிருந்து தள்ளி உட்காருவதால் சக்கரத்தில் அதன் பலம் வேறு. மேல் மவுண்ட் ரப்பரா, உலோகப் பில்லோபாலா (ரப்பர் இல்லாத உருண்டை மூட்டு) என்றும் பாருங்கள். பில்லோபால் ஸ்டியரிங்கைத் துல்லியமாக்கும், ஆனால் சத்தத்தையும் அதிர்வையும் உள்ளே கொண்டு வரும். உங்களுக்கு ரப்பர்.

மழைநாள்_ஓட்டி:
யாரும் துருவைப் பற்றிப் பேசவில்லையே. சேறும் உப்பும் படும் சாலை என்றால் மரை இறுகிப்போய்விடும், அதன் பிறகு "அட்ஜஸ்டபிள்" என்பது பெயரில் மட்டும்தான் இருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடல் இருந்தால் நல்லது, இல்லையென்றால் சுத்தம் செய்து பூச்சு தடவி வைக்க வேண்டும். பல நாடுகளில் உயரம் மாற்றினால் பரிசோதனையும் அனுமதியும் வேண்டும், காப்பீட்டு நிறுவனத்திடமும் சொல்ல வேண்டும், வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

முன்_ஆக்சில்:
மாட்டும்போது ஒன்று. லோயர் ஆர்ம் புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) போல்ட்டுகளை வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் புஷ் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்று கணக்கைக் கெடுக்கும். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை, மாட்டுவதற்கு முன்பே நாலு மூலையிலும் அளந்து எழுதி வையுங்கள். கொஞ்ச நாள் ஓட்டி ஸ்ப்ரிங் படிந்த பிறகு மறுபடி அளந்து, சரி செய்து, அதற்குப் பிறகு அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரி செய்வது). டயரின் உள்விளிம்பைத் தின்பது பெரும்பாலும் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருப்பது) அல்ல, மாறிப்போன டோதான் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது). ஹெட்லைட் மட்டத்தையும், கண்ணாடியில் கேமரா இருந்தால் அதன் அளவீட்டையும் அதே நாளில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.