ஒல்லாந்தச் சிப்பாய் வேடத்துக்கு இந்த ஓவியம் பொருந்துமா?

உவர்மலைவாசி:
மகளின் பாடசாலைக் கண்காட்சியில் நம் திருகோணமலைக் கோட்டையைப் பற்றிய பகுதியில் அவளுக்கு ஒல்லாந்தச் சிப்பாய் வேடம். தையல்காரரிடம் காட்டுவதற்கு பிரான்ஸ் ஹால்ஸ் என்ற ஒல்லாந்த ஓவியர் 1639இல் வரைந்த ஓவியத்தை எடுத்து வைத்திருக்கிறேன். தோளில் பட்டுச் சால்வை, கையில் ஈட்டியும் வாளும். ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்ததும் அதே 1639தான். சரியாக இருக்குமா?

திருக்கடலூர் ரீச்சர்:
தம்பி, ஆண்டு பொருந்துகிறது, ஆட்கள் பொருந்தவில்லை. படத்தில் இருப்பவர்கள் ஒல்லாந்தின் ஹார்லெம் நகரத்துக் காவற்படையின் அதிகாரிகள். தொழில் வேறு: பலர் மதுவடிசாலை வைத்திருந்த பணக்காரர்கள். மூன்று ஆண்டுப் பதவி முடிந்ததும் விருந்து வைத்து, ஓவியரை அழைத்து, தங்கள் மண்டபத்தில் மாட்டிவைக்கப் படம் வரைவித்துக்கொள்வார்கள். அந்த விருந்து மூன்று, மிஞ்சினால் நான்கு நாளோடு முடியவேண்டும் என்று 1621இல் நகரசபை கட்டளை போடும் அளவுக்குப் போயிருந்தது! கொடி பிடிப்பவர் மணமாகாதவராக இருக்கவேண்டும். ஹால்ஸும் அந்தப் படையில் இருந்தவர். பின்வரிசையில் இடப்பக்கம் தன்னையும் வரைந்துகொண்டார்.

இங்கே கப்பலில் வந்தவன் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்குக் கூலிக்குச் சேர்ந்தவன். ஜெர்மன் நாட்டு ஏழைகளும் அதில் ஏராளம். சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 9 கில்டர் (ஒல்லாந்த நாணயம்) அளவில் சம்பளம். 1642இல் ரெம்பிராண்ட் வரைந்த ‘இரவுக் காவல்’ என்ற காவற்படைக் குழு ஓவியத்தில் இடம்பிடிக்க ஆளுக்குச் சராசரி 100 கில்டர் கொடுத்தார்கள். நிற்கும் இடத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். நம் கோட்டைச் சிப்பாய் பதினொரு மாதம் உண்ணாமல் சேர்த்தால்தான் அந்தக் கூட்டத்தில் தலை காட்டலாம். அவனை யார் வரையப் போகிறார்கள்?

ஸ்டூடியோக்காரன்:
ரீச்சர் சொன்ன ஹால்ஸ் லேசுப்பட்டவர் அல்லர். 1633இல் ஆம்ஸ்டர்டாம் படை ஒன்றை வரையத் தொடங்கி, பாதியில் “நான் அங்கே வரமாட்டேன், நீங்கள் ஹார்லெமுக்கு வாருங்கள்” என்றுவிட்டார். நடுவே 20 கிலோமீட்டர்தான். அவர்களும் அசையவில்லை. கடைசியில் பீட்டர் கோடே என்பவர் 1637இல் வரைந்து முடித்தார். பரிபாலன சபைக் குழுப் படம் எடுக்கும்போது செயலாளர் வரும்வரை பொருளாளர் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்கிறவன் நான். ஹால்ஸின் கோபம் எனக்கு விளங்குகிறது. அந்த ஆம்ஸ்டர்டாம் படத்தில் இடப்பக்கம் சாட்டின் உடையில் நிற்கும் கொடிக்காரரைப் பெரிதாக்கிப் பாருங்கள், அது ஹால்ஸின் கை.

உவர்மலைவாசி:
நன்றி ரீச்சர். அப்படியென்றால் தையல்காரரிடம் என்ன சொல்வது?

திருக்கடலூர் ரீச்சர்:
சால்வையும் சரிகையும் வேண்டாம். அந்தக் காலச் சிப்பாய்க்குச் சீருடை கிடையாது. முரட்டுத் துணியில் மேற்சட்டை, முழங்கால்வரை காற்சட்டை, அகன்ற விளிம்புத் தொப்பி போதும். துப்பாக்கிக்கு மட்டும் ‘இரவுக் காவல்’ உதவும்: இடப்பக்கம் சிவப்பு உடைக்காரர் மருந்து இடுகிறார் பாருங்கள், அதே திரித் துப்பாக்கிதான்.

பலகையில் ஒல்லாந்தர் காலத்துக்குக் கீழே ‘பிரெட்ரிக் கோட்டை’ என்று எழுதிவிடாதீர்கள். அது 1803இல் ஆங்கிலேயர் நம் கோட்டைக்கு வைத்த பெயர்.